சாமியின் ஆட்டுக்குட்டி கத்திய காலை

எவரிஸ்தோவுக்கு வாயைத் திறப்பதென்றால் மலையைப் புரட்டுகிற வேலை. ஆட்டைத் திட்டுவான், கழுதையைக் கொஞ்சுவான். பெண்டாட்டியிடம் மட்டும் ஒரு "ம்". அந்த "ம்"மைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பெத்ரா மூட்டையைக் கட்டிவிட்டாள். சான் ஹுவான் திருநாள் பூசை முடிந்ததும் தம்பி சில்வேரியோவின் லாரியில் ஏறி, எர்மோசில்லோ பட்டணத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டோடு போய்விடப் போகிறாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் மூட்டையை அவிழ்த்துவிடுவாள். ஊருக்கே தெரியும். அந்த மடையனுக்கும் தெரியும். சொல்லித் தொலைக்க வேண்டுமே!

திருநாளன்று விடியற்காலையில் சான் ஹுவான் சாமியின் மரச் சுரூபத்தைத் தோளில் சுமந்து வந்தவனும் அவன்தான். மழைக்காலத்துக்கு முன்னால் சாமியைக் குளிப்பாட்டுவது வழக்கம். ஓடை வறண்டு வெறும் மணலாகக் கிடந்ததால், பள்ளத்தாக்குக்குள்ளே பாறைக் குழியில் மிஞ்சிய தண்ணீருக்கே வரவேண்டியதாயிற்று. அங்கே பாறைத் தவளைகளின் ராஜ்ஜியம். கல்லின் நிறம், கல்லின் சொரசொரப்பு. பகலெல்லாம் வெயிலில் கல்லோடு கல்லாக ஒட்டிக்கிடக்கும். தண்ணீரை விட்டு இரண்டு தாவலுக்கு மேல் நகராத சோம்பேறிகள்.

ஊர்க்காரர்கள் சாமியைக் குளிப்பாட்டிப் பாறைமேல் நிறுத்தினார்கள். செபம் சொல்லும் பிரிஹிதா அக்கா கண்ணை மூடி, "சான் ஹுவானே, எங்களுக்காக..." என்று ஆரம்பித்தாள்.

"பேஏஏஏ!"

சாமியின் காலடியில் இருக்கும் மர ஆட்டுக்குட்டியிடமிருந்து வந்தது சத்தம். அத்தனை பேரும் பொத்தென்று மண்டியிட்டார்கள். தாய் செத்தபோதுகூடத் தொப்பியைக் கழற்றாத சில்வேரியோ கழற்றிவிட்டான்.

"ஆட்டுக்குட்டி கத்திடுச்சு! மழை வரப்போவுது!" என்று அலறினாள் பிரிஹிதா.

"தவளையா இருக்கும்க்கா. அதுவும் இப்படித்தானே கத்தும்?" என்றான் சில்வேரியோ.

"வாயக் கழுவுடா! எந்தத் தவளைடா சாமி காலடியில நின்னு கத்தும்?"

சுரூபத்தைத் தூக்கக் குனிந்த எவரிஸ்தோ பார்த்துவிட்டான். ஆட்டுக்குட்டியின் வயிற்றடியில், நிறம் போன மரத்தோடு மரமாக, ஒரு தவளை. ஊர்க் கண்ணில் பட்டால் பிரிஹிதா அக்காவின் மானமே போய்விடும். லபக்கென்று பிடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டான். அதுவரைக்கும் சரி. நெற்றி வியர்வை கண்ணில் இறங்க, அதே கையால் துடைத்தானே, அங்கேதான் வினை! அந்தத் தவளைத் தோலின் பால் கண்ணில் பட்டால் மிளகாய் அரைத்துப் பூசியதுதான். பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"எவரிஸ்தோ அழுவுறான்டோய்!" என்று யாரோ கத்தினார்கள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு பெத்ரா வந்தாள். அவள் முகம் இளகியிருந்தது. "எனக்காகவாய்யா அழுவுற?"

வாழ்க்கையில் முதல்முறையாக அவனுடைய "ம்" உருப்படியாக ஒரு வேலை செய்திருக்கும். அதைச் சொல்வதற்குள் கைக்குள்ளிருந்து "பேஏஏ" என்றது அந்தச் சனியன்.

பெத்ரா அவன் விரல்களைப் பிரித்தாள். தவளை தாவியது, கல்லில் ஒட்டியது, கல்லாகிவிட்டது. பிரிஹிதா அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "நான் ஒண்ணையும் பாக்கல" என்றாள்.

"ஓஹோ, தவளைப் பால்தானா? நானும் கிறுக்கச்சி மாதிரி..." பெத்ராவின் குரல் உடைந்தது. "டேய் சில்வேரியோ, வண்டிய எடு."

பள்ளத்தாக்கு வாயில் நின்ற லாரி உறுமியது. எவரிஸ்தோவுக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மையாகவே போகிறாள்! கண்ணைத் திறக்க முடியாமல் தட்டுத்தடுமாறி ஓடி, அகப்பட்ட கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"போவாத! கண்ணுத் தண்ணி தவளையாலதான், பொய் சொல்லல. ஆனா நீ இல்லாம அந்த வீட்டுக்குள்ள என்னால கால் வைக்க முடியாது. பயமா இருக்குடி!"



"தம்பி, இது என் கை" என்றாள் பிரிஹிதா அக்கா.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவனுக்குப் பின்னாலிருந்து பெத்ராவின் குரல் வந்தது.

"இந்தப் பக்கம் திரும்பி, என்கிட்ட சொல்லுய்யா."

திரும்பினான். ஒரு வார்த்தை விடாமல் முழுசாகச் சொன்னான். பெத்ரா தலைத்துணியைத் தண்ணீரில் நனைத்து, அவன் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டே கத்தினாள்: "சில்வேரியோ! மூட்டைய இறக்குடா!"