முந்திக்கொண்ட ஸ்தோத்திரம்

அத்தான் ஜெயிலிலிருந்து வருவதற்கு முன்பே, வந்துவிட்டதாகக் கோயிலில் ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுக்க வைத்தவன் நான்தான். விடுதலை ஃபைல் மும்பைத் தலைமைச் செயலகமான மந்திராலயாவுக்குப் போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆள் வீட்டில் இருப்பார் என்று நானே தீர்மானித்து, சபை ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். திருநெல்வேலிக்காரனுக்கு நன்றி சொல்வதிலும் அவசரம். "சிறையிலிருந்து திரும்பிய சகோதரன் ஞானசீலனுக்காக..." என்று ஐயர் ஆரம்பித்ததும் தாராவிச் சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

ஆராதனை முடிந்ததும், "ஏல ஜெப்ரி, கர்த்தருக்கே தப்பா ரிப்போர்ட் குடுத்துட்டியேல," என்று சிரித்தாள் ஜாக்குலின் அக்கா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

குழாயடிச் சண்டையில் ஒருவன் செத்துப்போனான். அத்தான் கையிலும் கம்பி இருந்தது. ஆயுள் தண்டனை. இந்த மாதிரி கேஸுக்குப் பதினாலு வருஷத்தில் விடலாம் என்பது அன்றைய விதி. அதை நம்பித்தான் அக்கா காத்திருந்தாள். பதினாலும் முடிந்தது. கும்பலாகச் செய்த கொலைக்கு இன்னும் ஆறு வருஷம் என்று இப்போது புது விதியாம். அத்தானோ, முலாக்காத் என்கிற ஜெயில் சந்திப்பில் ஞாயிற்றுக்கிழமைக்குள் விடுதலை என்று நான் அளந்துவிட்டதை நம்பி, கம்பளியையும் தட்டையும் பக்கத்துக் கைதிக்குக் கொடுத்துவிட்டார்.

ஜெயில் ஆபீஸில் கேட்டால் "ஆர்டர் ஆயேகா", வருமாம். ஏரியா அரசியல் கட்சிக்காரரைக் கேட்டால் "ஹோ ஜாயேகா", ஆகிவிடுமாம். ஐயரைக் கேட்டால் "ஜெபிப்போம்".

கடைசியில் மாட்டுங்காவில் வக்கீல் ஷ்யாமளா மேடத்தின் முன்னால் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த சட்டத்தை எடுத்துவிட்டேன்.

"மேடம், சயான்ல தாணே வரைக்கும் போற ஸ்லோ ட்ரெயின் ஏறுதேன். தாணேக்கு முந்தின முலுண்ட் தாண்டுனப்புறம், இது இனி எங்கேயோ கடைசில இருக்க கசாராவுலதான் நிக்கும்னா நியாயமா?"

"டிக்கெட்டே கசாராவுக்குத்தானேம்பா, ஜெப்ரி. ஆயுள்னா ஆயுள். நடுவுல இறக்கிவிடறது சர்க்கார் சலுகை."

"அரசியல் சாசனத்துல ஒண்ணும் இல்லியா?"

"இருக்கே. குத்தம் பண்ணின அன்னிக்கு இருந்ததைவிடப் பெரிய தண்டனை கொடுக்கப்படாது. ஆனா சலுகையைத் தள்ளிப்போடறது தண்டனையே இல்லைன்னு சர்க்கார் தரப்புல வாதாடுவா. நமக்கும் வழி இருக்கு. தீர்ப்பான அன்னிக்கு இருந்த விதியைத்தான் பாக்கணும்னு கோர்ட் சொல்லியிருக்கு."

"அப்போ ஜெயிச்சிருவோம்!" அக்காவுக்குப் போன் போட எழுந்துவிட்டேன்.

"உக்காருங்கோ."

உட்கார்ந்தேன். "சுத்தி வளைக்காம சொல்லுங்க மேடம். அத்தான் வருவாரா?"

"கேஸ் போடலாம், ஜெயிக்கலாம். ஆனா அது விசாரணைக்கு வந்து தீர்ப்பாறதுக்குள்ள, ஆறு வருஷமும் முடிஞ்சு, அந்தப் புது விதிப்படியே அவர் வெளியில வந்துடுவார். இப்போ வரமாட்டார், ஜெப்ரி. அக்காகிட்ட அப்படியே சொல்லிடுங்கோ."