நாக்கய்யா துப்பியவை

நாக்கய்யா தன் ஆறாவது வயதில் துப்பிய பூசணிக்காய் மசியல், அவருடைய நாற்பத்து மூன்றாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, அலுவலக மேசையின் மேலடுக்கு இழுப்பறைக்கு வந்து சேர்ந்தது. முட்டை விலை ஏறியிருந்த வாரம் அது. மசியல் இளஞ்சூடாக இருந்தது. ஒரு பக்கம் பால்பல் பதிந்த தடம், மறுபக்கம் எச்சில் நூல், நடுவில் வேகாத ஒரு விதை. முத்திரைக் கட்டைக்கும் மைப்புட்டிக்கும் நடுவே, விலாசம் விசாரித்து வந்து சேர்ந்த உறவினர் தோரணையில் அது உட்கார்ந்திருந்தது. அவருக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. ஆசையாகத் தின்றதை மனிதன் மறந்துபோவான். வாயிலிருந்து நாக்கால் வெளியே தள்ளியதை மறக்க மாட்டான்.

நாக்கய்யா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, தொழிற்சாலை வைத்தது. குழந்தைகளுக்கான காய்கறி மசியலைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து விற்கும் அந்தத் தொழிற்சாலையில் ருசி பார்ப்பதுதான் அவர் உத்தியோகம், அதிலும் தலைமை. தினமும் காலையில் பன்னிரண்டு கரண்டிகளை வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொன்றையும் வாயில் வாங்கி, இரண்டு கன்னத்துக்கும் ஒருமுறை அனுப்பி, கடவுளிடம் யோசனை கேட்பவர் போல உத்தரத்தைப் பார்த்து, பக்கத்திலிருக்கும் எவர்சில்வர் தொட்டியில் துப்பிவிட்டு, 'பிள்ளைகள் விரும்புவார்கள்' என்று கையெழுத்துப் போடுவார். விழுங்கக் கூடாது என்பது தொழில் விதி; விழுங்கினால் நாக்கு மழுங்கிவிடுமாம். பத்தொன்பது வருடத்தில் ஒரு கரண்டிகூட அவர் தொண்டையைத் தாண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு புட்டியின் மேலும் அவர் படம் இருந்தது, படத்துக்குக் கீழே அவர் வாக்கும் இருந்தது: 'ஆறு வயதிலேயே இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் நான்.' சர்க்கரை போடாத கறுப்புக் காபி குடிப்பார், அதுவும் நாலு பேர் பார்க்கும் இடத்தில். ஈரக் காலுறை நாற்றமடிக்கும் சீஸை முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். குழந்தை நாக்கு பச்சை மண், அதை வனைந்தால்தான் பானையாகும் என்று கூட்டங்களில் பேசுவார். பேச்சின் கடைசியில் அம்மாவின் கைமணத்துக்கு வந்து, தொண்டை கம்மி, ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார். அந்தத் தண்ணீருக்குக் கைதட்டல் நிச்சயம்.

அன்று அவர் மசியலைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டார். மதியம் அது திரும்ப வந்தது, சற்றே பருத்து. கழிவறையில் ஊற்றித் தண்ணீர் விட்டார்; நாலு மணிக்கு இன்னும் கொஞ்சம் பருத்து வந்தது. வாசலில் படுத்திருந்த நாய்க்கு வைத்தார். செத்த எலியைக்கூட விடாத அந்த நாய், முகர்ந்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்து எழுந்து போனது. மறுநாள் கீரை வந்தது, அடுத்த நாள் பீட்ரூட். சின்ன வயதில் எங்கே துப்பி ஒளித்தாரோ அதே மாதிரி இடத்துக்கு ஒவ்வொன்றும் வந்தது. அப்பாவின் செருப்பில் துப்பிய முட்டைக்கோஸ் அவருடைய செருப்பிலேயே வந்து கால்விரல்களுக்கு நடுவே பிதுங்கியது. பூச்சாடியில் துப்பியது வரவேற்பறைப் பூச்சாடிக்கு வந்தது. மழைக்கோட்டுப் பையில் துப்பிய கத்தரிக்காய், முதலாளியோடு கைகுலுக்கப் போகும் நேரம் பார்த்து விரலில் ஒட்டியது. வழுவழுப்பான தோலும், பூச்சி முட்டை போன்ற விதையுமாக. முதலாளி தன் கையைப் பார்த்தார், பிறகு கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை.

அவருடைய அக்கா இரண்டு தெரு தள்ளிச் சலவைக்கடை வைத்திருந்தாள். தலைவலி, வீட்டு வாடகை, மனைவியோடு சண்டை எதுவானாலும் அவர் கடைசியில் போய் நிற்கும் இடம் அதுதான். பூசணியை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மூடியைத் திறந்து பார்த்தாள்.

"அந்த வியாழக்கிழமைப் பூசணிடா இது. இந்த விதைக்குத்தான நீ அன்னிக்கு அப்படி ஊரைக் கூட்டுன."

அவர் குரலைத் தாழ்த்தி, என்ன செய்வது என்று கேட்டார்.

"தின்னு. அப்பவே தின்னுருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்."

அம்மா கையால் பண்ணியதாயிற்றே, ஒருவேளை இப்போது பிடித்துப்போகலாம், நாக்கு வளர்ந்திருக்கிறதே என்று அவர் சொல்லிப் பார்த்தார். கூட்டங்களில் வரும் அதே கம்மல் தொண்டைக்கு வந்தது. அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"அம்மா சமையல் கேவலம்டா. செத்துப்போயிட்டா மட்டும் ருசி வந்துடுமா?"

அது உண்மைதான். அம்மா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தாள். வீட்டுக்கு வந்த களைப்பில், இருக்கிற காயையெல்லாம் ஒரே பானையில் போட்டு, உப்பை மறந்து, அடுப்பையும் மறந்து, வெந்ததா கரைந்ததா என்று சொல்ல முடியாத பதத்தில் இறக்கி வைப்பாள். அக்கா அதையெல்லாம் அப்போதே மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கித் தொலைத்தவள். அதனால் அவளுக்கு எதுவும் திரும்பி வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் பூசணிக்காய் விற்கிற தெரு வழியாக அவள் போவதுமில்லை, அவ்வளவுதான்.

நாக்கய்யா அன்று கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பூசணியைத் தின்றார். நாக்கில் பட்டதுமே உடம்பு முப்பத்தேழு வருடம் பின்னால் போய் விழுந்தது. சொதசொதவென்று, இனிப்புமில்லாமல் கசப்புமில்லாமல், வேறு யாரோ மென்று கொடுத்ததைப் போல இருந்தது. மென்று கொடுத்தவர் தானே என்பது அதைவிட மோசம். நார் அண்ணத்தில் ஒட்டியது. விதை வழுக்கிக்கொண்டு தொண்டை வரை போய், யோசித்து, திரும்பி வந்தது. கண்ணில் தண்ணீர் முட்ட இரண்டாம் முயற்சியில் விழுங்கினார். விழுங்கியது திரும்ப வரவில்லை. சட்டம் புரிந்துவிட்டது. அதோடு இன்னொன்றும் புரிந்தது: ஆறு வயதில் எவ்வளவு அருவருப்போ நாற்பத்து மூன்றிலும் அதே அளவுதான், தம்பிடி குறையவில்லை. இத்தனை வருடத்தில் அவர் கற்றுக்கொண்டதெல்லாம் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதை மட்டும். வாய் மாற்றத்துக்காக, சின்ன வயதில் உயிராக நினைத்த இனிப்புப் பால் டின் ஒன்றை வாங்கி உடைத்தார். ஒளிந்து ஒளிந்து விரலால் வழித்துத் தின்று அடி வாங்கிய பண்டம் அது. இப்போது சவர்க்காரத்தில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. வெறுத்தது வெறுத்தபடியே இருக்க, பிடித்தது மட்டும் செத்துப்போயிருந்தது. பிறகு வழக்கம் போல் கறுப்புக் காபி போட்டுக் குடித்தார். யாரும் பார்க்காதபோது அது வெறும் கரித்தண்ணீராக இருந்தது.

அவருக்கு ஆறு வயதில் ஒரு மகள். தட்டைக் காலி செய்யாமல் மேசையை விட்டு எழக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் அவர், காவல் காத்தவர் அவர் மனைவி. மகள் ஒரு கரண்டி மசியலுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். அழ மாட்டாள், பேச மாட்டாள். புட்டியில் இருக்கும் அப்பாவின் படத்தையும் எதிரில் இருக்கும் அப்பாவையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பாள். இந்தச் சட்டத்தை எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் கொண்டுபோவதாக முதலாளி ஏற்பாடு செய்திருந்தார். மதியம் ஒரு பிள்ளைக்கு ஒரு புட்டி. முடிக்காத பிள்ளைக்கு விளையாட்டு கிடையாது. கல்வி அதிகாரியம்மா ஒப்புதல் கொடுக்க வேண்டியது மட்டும் பாக்கி. அதற்காக ஒரு விழா. முந்நூறு பிள்ளைகள் எதிரில் நாக்கய்யாவும் மகளும் மேடையில் உட்கார்ந்து ஆளுக்கொரு புட்டி பூசணி மசியலைச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் நாக்கய்யாவுக்கு இயக்குநர் பதவி. அவர் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போய்த் துப்புவதாக இருந்தார். தொழில்காரருக்கு அது ஒரு பெரிய காரியமா. மகளுக்குத்தான் அந்த வித்தை தெரியாது.

விழாவுக்கு முதல் நாள் மாலை, தட்டைப் பார்த்தபடியே மகள் கேட்டாள்:

"அப்பா, உங்களுக்கு இது நெஜமாவே புடிக்குமா?"

"புடிக்கும்டா கண்ணு."

"பெரியவளானா எனக்கும் புடிச்சிடுமா?"

"கண்டிப்பா."

அப்போதுதான் அவள் அழுதாள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தாலும் அழாத பிள்ளை, இது தனக்குப் பிடித்துப்போய்விடும் என்று கேட்டதும் தேம்பித் தேம்பி அழுதாள். இது பிடித்துப்போகிற ஒருத்தி பிறகு தானாக எப்படி இருக்க முடியும் என்று அவளுக்குப் பயம். நாக்கய்யாவின் மனைவி, பிள்ளைக்குச் சுரம் அடிக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நாக்கய்யா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அங்கே காலிஃபிளவர் வந்திருந்தது.

விழா மண்டபத்தில் முதல் வரிசையில் முதலாளி, பக்கத்தில் மடியில் கைப்பையைக் கட்டிப் பிடித்தபடி கல்வி அதிகாரியம்மா. நாக்கய்யா மைக்கின் முன் நின்று பச்சை மண்ணில் ஆரம்பித்தார், பானை வனைந்தார், அம்மாவின் கைமணத்துக்கு வந்தார். 'ஆறு வயதிலேயே நான்' என்று தொடங்கியபோது அவருடைய இடது கன்னம் வீங்கியது. சின்ன வயதில் விழுங்கிவிட்டதாகச் சொல்லி, வாயில் அடக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் வரை நடந்து, தெருமுனையில் துப்புவது அவருக்கு வழக்கம். அந்தக் கீரைகளுக்கு இருப்பிடம் செருப்பும் இல்லை, பூச்சாடியும் இல்லை; வாய்தான். அன்றைக்கு வந்தது ஒரு வாரத்துக் கீரை, மொத்தமாக, தண்டோடு, மண்ணோடு, அம்மா கழுவ மறந்த ஒரு புழுவோடு. வலது கன்னமும் நிரம்பியது. மகள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். இயக்குநர் பதவிக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு மிடறு. அவரும் முயன்றார். புழு நாக்கின் நுனியிலிருந்து அடிநாக்கை நோக்கி நகர்ந்தது. நாக்கய்யா துப்பினார். மைக்கின் மேல், மாலையின் மேல், தன் படம் போட்ட புட்டியின் மேல், பச்சைப் பசேலென்று, ஒலிபெருக்கியில் முந்நூறு பேருக்கும் கேட்கும்படி.

பிறகு மகள், கையிலிருந்த முதல் கரண்டியை வாயில் வாங்கி மேசை விரிப்பின் மேல் துப்பினாள். ருசி பார்க்க ஆளுக்கொரு கரண்டி வாயில் வாங்கியிருந்த முந்நூறு பிள்ளைகளும் அதைத் துப்பினார்கள். சிலர் தரையில், சிலர் முன்னால் இருந்தவன் சட்டையில், மிகவும் ஒழுங்கான ஒரு பிள்ளை தன் கையிலேயே. மண்டபத்தைக் கழுவ இரண்டு நாள் ஆனது.

மறுநாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்று நினைத்தபடி நாக்கய்யா உள்ளே நுழைந்தார். முதலாளி தன் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். மீன் எண்ணெய். பதினோரு வருடமாக வருகிறதாம், தினம் ஒரு கரண்டி. இதுநாள் வரை ஜன்னலோரச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாராம், ஆறு செடி பட்டுப்போய்விட்டதாம். கல்வி அதிகாரியம்மாவின் கைப்பையில் அவித்த முட்டையின் மஞ்சள் கரு என்றும் சொன்னார். விசாரித்துப் பார்த்ததில் கணக்கர், காவலாளி, புட்டி அடைக்கும் பிரிவில் பாதிப் பேர் என்று எல்லோருக்கும் ஏதோ ஒன்று வந்துகொண்டுதான் இருந்தது. அவரவர், ஊரில் தனக்கு மட்டும்தான் இந்தக் கேவலம் என்று எண்ணிக் கைக்குட்டையால் மூடி வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு தொழிற்சாலையில் பத்து மணிக்குப் பத்து நிமிடம் இடைவேளை விட்டார்கள். எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு அவரவருடையதைத் தின்பார்கள். நடைவழி முழுக்க ஓங்கரிக்கும் சத்தம் கேட்கும், பிறகு தண்ணீர்க் குழாய், பிறகு வேலை. பள்ளிக்கூடத் திட்டத்தை அதிகாரியம்மா திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளி சும்மா இருப்பாரா, புட்டியில் 'துப்பினாலும் பரவாயில்லை' என்று அச்சடித்தார். துப்பியதற்குப் பதில் இன்னொன்று வாங்க வேண்டியிருந்ததால் விற்பனை ஏறியது. இயக்குநர் பதவியும் நாக்கய்யாவுக்கே வந்தது. புது மேசையில் எட்டு இழுப்பறைகள் இருந்தன. அதுதான் ஒரு கஷ்டம்.

இரண்டு வருடத்தில் சின்ன வயதுப் பாக்கி முடிந்தது. கடைசியாக வந்தது ஒரு துண்டு முள்ளங்கி. நாக்கய்யா பெருமூச்சு விட்டு வாயைக் கொப்பளித்தார். அடுத்த திங்கட்கிழமை, எட்டு இழுப்பறைகளிலுமாகப் பன்னிரண்டு கரண்டி மசியல் வந்திருந்தது: உத்தியோகத்தில் சேர்ந்த முதல் நாள் தொட்டியில் துப்பியது. பத்தொன்பது வருடமும் அதற்கு மேலும் பின்னால் வரிசையில் நின்றன. அவர் அவற்றை ஒரு தூக்குப் பாத்திரத்தில் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோய், இரவுச் சாப்பாட்டோடு மேசையில் வைத்துக்கொண்டார். மறைக்கிற வழக்கம் வீட்டில் எப்போதோ நின்றுபோயிருந்தது. மனைவி தண்ணீர் ஜாடியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மகளுக்கு இப்போது எட்டு வயது. எதையும் ஒரு வாய் ருசி பார்த்தால் போதும், பிடிக்காவிட்டால் துப்பலாம் என்று சட்டம் மாறியிருந்தது. அவள் பூசணியை வாயில் வாங்கி, முகத்தைச் சுளித்து, அப்பாவைப் பார்த்தாள்.

"துப்பிடு. ஆனா எங்க துப்புறேன்னு பாத்துத் துப்பு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு யோசித்தாள். செருப்பைப் பார்த்தாள், பூச்சாடியைப் பார்த்தாள், இரண்டும் வேண்டாம் என்று தலையாட்டினாள். எழுந்து போய் அலமாரியிலிருந்து மூடி போட்ட ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்தாள். கழுவித் துடைத்து, அதில் துப்பினாள். மேலே இரண்டு சிட்டிகை உப்புத் தூவி, ஒரு கரண்டியையும் உள்ளே வைத்து மூடினாள்.

"நாப்பத்து மூணு வயசுல கரண்டி தேடிட்டு இருக்க முடியாதுல்லப்பா" என்றாள்.

நாக்கய்யா உப்பு டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முதல் கரண்டியை எடுத்தார்.