பச்சைத்தண்ணி

துஷ்யந்தி கேட்டது சுடுதண்ணியில் ஒரு முழுக்கு. அவ்வளவுதான். புற்றுநோய்க்கு மருந்தேற்றி, ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "இந்த ஆஸ்பத்திரி மணம் போகவேணுமப்பா." இப்போதெல்லாம் அவள் வேறெதையும் கேட்பதில்லை. சோறுகூட.

ஹீற்றரைப் போட்டேன். சிவப்பு லைற் எரிந்தது. ஷவரைத் திறந்தால் பச்சைத்தண்ணி.

கரண்ட் வேலை தெரிந்த மாப்பிள்ளை என்று சொல்லித்தான் என்னை இவள் தலையில் கட்டினார்கள். ஸ்விட்சை நிறுத்திப் போட்டேன். ட்ரிப் ஸ்விட்சையும் விழுத்தி எழுப்பினேன். ஸ்டூலில் ஏறி ஹீற்றரின் வயிற்றைத் தட்டிப் பார்த்தேன். டொக்டர்மாரும் அப்படித்தான் தட்டுகிறார்கள். பிறகு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்கிறார்கள்.

பிளம்பர் பஸீர் பாஸுக்குப் போன் அடித்தேன். "சேர், நான் முகத்துவாரத்துல வேலைல. நாளைக்கித்தான் வரேலும்."

குளியலறை வாசலில், பிளாஸ்ரிக் கதிரையில் போர்வையோடு துஷி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"கேத்தில்ல கொதிக்கவைச்சு ஊத்தட்டோ?"

"ஏன், என்னில தேத்தண்ணி போடப்போறீங்களோ? ஷவருக்குக் கீழ நிண்டு குளிக்கவேணும். வருத்தக்காரி மாதிரி வழிச்சுத் துடைக்க வேண்டாம்."

மறுபடி ஸ்டூலில் ஏறினேன். ஹீற்றரிலிருந்து இறங்கும் பைப் கையைச் சுட்டது. மேலே நெருப்பு, கீழே ஐஸ்.

"இஞ்சருங்கோ, அந்த ஹோஸ் ஏன் இன்னும் கீழ்ப் பைப்பில கிடக்கு?"

தண்ணி வெட்டு நாட்களில் பீப்பாய் நிரப்ப, ஷவருக்குக் கீழே உள்ள குழாயில் நான் கொழுவியது. எப்போது தண்ணி வருமோ என்று கீழ்ப் பைப்பின் சூடு, குளிர் இரண்டு திருகையும் திறந்தே விடுவோம். பீப்பாய் நிரம்பியதும் திருகுகளைப் பூட்டாமல், ஹோஸின் நுனியை மடித்துக் கயிற்றால் கட்டியிருக்கிறேன். வெளியே போக வழியில்லாத குளிர்தண்ணி, திறந்திருந்த திருகு வழியாகச் சுடுதண்ணிப் பைப்புக்குள் ஏறி, ஷவர் வரை போய்க்கொண்டிருந்தது.

"பெரிய இஞ்சினியர்," என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் சிரிப்பதைப் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு ஹோஸ் கட்டலாம் போலிருந்தது.

இரண்டு திருகையும் பூட்டினேன். ஷவர் இருமி, துப்பி, பிறகு ஒழுங்காகப் பெய்தது. சுவர்க் கண்ணாடி மங்கியது. துஷி எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"இன்னும் பச்சைத்தண்ணிதானே."

பகிடி விடுகிறாள் என்று நினைத்து நானும் கையை நீட்டினேன். சுரீர் என்று இழுத்துக்கொண்டேன். அவள் கை அங்கேயே இருந்தது. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். விரல்கள் சிவந்துகொண்டு வந்தன.

பிடித்து இழுத்தேன். இந்த மருந்தால் விரல்கள் மரத்துப்போகலாம் என்று டொக்டர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஷவரின் குளிர்த் திருகைத் திறந்து கலந்தேன்.

"ஓம், ஹீற்றர் இன்னும் சரியாச் சுடேல்ல. பாஸ் நாளைக்கு வந்து பார்ப்பார்," என்றேன்.

அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆவி வருதப்பா," என்றாள்.