முள்நாறிக் கன்று

சவ்வாது மலைத்தொடர் ஒதுங்கி நின்ற முகிற்கூட்டம்போல் தொலைவில் நீலம் பூத்திருக்க, பாலாறு தன் பெயரை மறந்து வெறும் வெண்மணற் பரப்பாய் நீண்டு கிடக்க, ஆவாரம்பட்டையின் துவர்மணமும் ஊறுந்தோலின் முடைநாற்றமும் கலந்த வெங்காற்று ஆம்பூர்த் தெருக்களில் தளர்ந்து நடந்த, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் ஆண்டின் சித்திரைப் பிற்பகல் ஒன்றை, நற்சுவை தேர்ந்த நீவிர் அகக்கண்ணாற் காண்பீராக.

அவ்வேளையில், தோல் பதனிடுங் களத்தில் பட்டை இடித்து மீண்ட பூவம்மாள், ஆற்றுமணலில் தோண்டிய ஊற்றிலிருந்து, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக இரு மட்குடம் நீர் சுமந்து வந்துகொண்டிருந்தாள். தோற்கழிவு இறங்கி ஊர்க்கிணறுகள் உவர்த்துப்போய் ஆண்டுகள் பலவாயின. ஒரு குடம் உலைக்கு; மற்றொன்று, கொல்லையில் ஓலைத்தட்டியின் நிழலில் நின்ற சாணளவுக் கன்றுக்கு.

அக்கன்றைக் கொணர்ந்தவன் அவள் கணவன் கன்னியப்பன். மலேயாவின் தோட்டங்களில் இரப்பர்ப்பால் வடிக்க ஒன்பதாண்டுகளுக்கு முன் கப்பலேறியவன், விலை வீழ்ந்து ஆட்களைக் கழித்தபோது, ஈரத் தேங்காய்நாரிற் பொதிந்த நான்கு விதைகளோடு கார்த்திகையில் மீண்டான். முள்நாறி என்பது அந்நாட்டு மழைக்காட்டு மரம். வானளாவ உயர்ந்து, பலாவினும் கூரிய முள்ளுடைய கனியை ஈன்று, மணத்தால் விரட்டிச் சுவையால் அழைப்பது. வேலையிழந்து காட்டோரம் காய்ச்சலிற் கிடந்த பதினொரு நாளும் அதன் உதிர்கனியே அவன் உயிரைக் காத்தது. ஆகவே, முளைத்த ஒரே கன்றின் அருகில் அவன் பகலெல்லாம் அமர்ந்திருந்தான். களத்திற்கு வேலைக்கு அழைத்தவர்களிடம், கன்று வேர்பிடிக்கட்டும் என்று சொல்லி மறுத்துவந்தான்.

அன்று படலைத் தாண்டுகையில் பூவம்மாளின் கால் இடறிற்று. தலைக்குடம் விழுந்துடைந்து நீர் மண்ணிற் கலந்தது. சில்லுகளைக் காலால் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய குடத்தை அவள் அடுப்படிக்கு எடுத்துச் சென்றாள். கன்னியப்பன் பின்னே வந்து, ஒருநாள் நீர் விடாவிடினும் கன்று பட்டுப்போகும் என்றான்; அக்கனியை அவள் உண்டு பார்க்கவே கடல்கடந்து கொணர்ந்ததாகவும் கூறினான்.

"ஒன்பது வருசம் நானும் இந்த வெயிலில்தான் நின்றேன்," என்றாள் பூவம்மாள். "எனக்குப் பழம் வேண்டாம். என் கையைக் கொஞ்சம் பாருங்கள்."

அவன் பார்த்தான். துவர்க்கறை ஏறிய உள்ளங்கைகள் வெடித்துக் குருதி கசிந்திருந்தன; மீண்டு வந்த இத்தனை திங்களில் அவற்றை அவன் ஒருமுறையேனும் விரித்துக் கண்டதில்லை. குடத்து நீரில் சிறிது முகந்து அக்கைகளைக் கழுவி, விளக்கெண்ணெய் தடவினான். பின்னர், அண்டைவீட்டில் ஒரு குடம் இரவல் வாங்கிக்கொண்டு ஆற்றை நோக்கி நடந்தான்.

கன்று ஆடிக்கு முன்பே கரிந்தது. கன்னியப்பன் களத்தில் தோல் தூக்கும் வேலைக்குச் சேர்ந்தான். நீர் கொணர்வதும் அவன் பணியாயிற்று. வருங்காலத்துக் கனியை வாக்களிப்பது எளிது. களைத்து வந்தவளின் சுமையை இன்றே வாங்கிக்கொள்வது அரிது. அதனை அவன் காலந்தாழ்த்தியே கற்றான்; எனினும் அத்தாமதத்தைப் பூவம்மாள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.