பஞ்சு ஒட்டிய ராஜா

இன்றைக்கு ராஜாவை வெளியே விடப் போவதில்லை என்று திருச்சுழியில் பஸ் ஏறும்போதே முருகலட்சுமி சொல்லிவிட்டாள். அவளாகச் சொன்னாள் என்பதைவிட புருஷன் ஜெயபாண்டி சொல்ல வைத்தார் என்பதுதான் சரி. அவருடைய உரக்கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அந்த ஒரு நாளையும் பெண்டாட்டி செஸ் ஆடுவதைப் பார்க்கச் செலவழிக்க வேண்டியிருக்கிறதே என்ற கடுப்போடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"இந்தா பாரு லட்சுமி. எல்லாரும் ஆடுற மாதிரி ஒழுங்கா ஆடி ஜெயி. மூணு நாளு விருதுநகருக்குப் போ, நான் ஒண்ணும் வேணாங்கல. அந்தக் கோமாளி ஆட்டம் ஆடுனேன்னு வையி, ஜெயிச்சாலும் கெடையாது. கடைக்கு வர்ற ஆளெல்லாம் கேக்குறாங்ய, ராஜாவத் தெருவுல விடுறாகளாமே உங்க வீட்டுலன்னு."

"சரிங்க. விடல."

நாற்பத்திரண்டு வயதில் அவள் கேட்டதெல்லாம் அந்த மூன்று நாள்தான். மாவட்டப் போட்டி, பெண்கள் அணி, தங்குவதற்குப் பள்ளி விடுதி. கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு ராத்திரிகூட அவள் மாட்டுக்குத் தீவனம் போடாமல் வெளியே தங்கியதில்லை. பிரசவத்துக்குப் போனதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அது ஊர் சுற்றுவதல்ல.

செஸ் வந்தது கொரோனா காலத்தில். மகளுக்கு ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய போனில் விளையாட்டும் ஒன்று இருந்தது. மகள் வகுப்பைக் கவனித்தாளோ இல்லையோ, வகுப்பு முடிந்ததும் முருகலட்சுமி போனை வாங்கிக்கொள்வாள். காய்கள் எப்படி நகரும் என்பது நாலே நாளில் பிடிபட்டது. பிடிபடாதது ஒன்றுதான். ராணி குறுக்கும் நெடுக்கும் ஓடி ஓடி எல்லா வேலையும் செய்ய, ராஜா ஏன் யானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள வேண்டும்? அதற்குக் கோட்டை கட்டுவது என்று பெயர் வேறு. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு படுப்பதற்குப் பெயர் கோட்டையா?

"எங்க வீட்லதான் அப்படின்னா பலகையிலயுமா? கொஞ்சம் நடக்கட்டுமே அவுகளும்" என்று ஒரு நாள் இரண்டாவது நகர்த்தலிலேயே ராஜாவை ஒரு கட்டம் முன்னால் எடுத்து வைத்தாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா, இது கேலிக்கு ஆடுற ஆட்டம்மா, பெரிய பெரிய ஆளுங்களே சிரிப்புக்காக ஆடியிருக்காங்க, இப்படி ஆடினா செத்தே போவே என்றாள். முருகலட்சுமி முதல் நூறு ஆட்டம் செத்துத்தான் போனாள். அப்புறம் சாவது குறைந்தது. எந்தச் செக் வெறும் பூச்சாண்டி, எது நிஜமாகவே கடிக்கும் என்பது, களையையும் பயிரையும் பார்த்ததும் பிரிக்கிற மாதிரி அவளுக்குப் பழகிவிட்டது. மகள் மதுரைக்குப் படிக்கப் போன பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. பாளையம்பட்டியில் பெண்களுக்கு ஞாயிறுதோறும் செஸ் சொல்லித்தரும் உடற்கல்வி ஆசிரியை அமுதவள்ளி, இவள் ஆடுவதைப் பார்த்து முதல் நாள் தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாவது ஞாயிறு அவரே இவளிடம் தோற்றார்.

அணியில் நான்கு இடம். மூன்று நிரம்பிவிட்டது. நான்காவது இடத்துக்கு இரண்டு பேர் சமமாக நின்றார்கள். முருகலட்சுமி ஒருத்தி, அருப்புக்கோட்டையில் கல்லூரியில் படிக்கிற ஜெகதீஸ்வரி இன்னொருத்தி. ஒரே ஓர் ஆட்டம், ஜெயித்தவர் போகலாம்.

ஆட்டம் பாளையம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மண்டபத்துக்குப் பின்னால் பஞ்சு குடோன். கதவைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் பஞ்சு. திறந்துதான் வைத்திருந்தார்கள். ஜெகதீஸ்வரி நோட்டுப் போட்டுப் படிக்கிற பெண். எதிராளி எதை ஆடினால் எதை ஆடவேண்டும் என்று பதினைந்து நகர்த்தல் வரைக்கும் மனப்பாடம். அவள் முகத்திலேயே அந்தத் தெம்பு இருந்தது. முருகலட்சுமிக்கு வெள்ளைக் காய். ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். அந்தப் பெண்ணும் அதையே செய்தாள். அடுத்து குதிரையை எடுக்கவேண்டும். எடுத்து வைத்தால் ஒழுங்கான ஆட்டம். ஒழுங்கான ஆட்டத்தில் இந்தப் பெண்ணை ஜெயிக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றில் இறங்கச் சொன்ன மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் ராஜாவின் தலையில் ஒரு பஞ்சு வந்து உட்கார்ந்தது.

பருத்தி எடுத்த கை அது. எதிரே நிற்கிறவர் தலையில் பஞ்சு ஒட்டியிருந்தால், அவர் யாரென்று தெரியாவிட்டாலும் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் இந்தப் பக்கத்துப் பெண்கள் பேச்சையே தொடங்குவார்கள். பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், துக்க வீட்டில்கூட. முருகலட்சுமி யோசிக்கவே இல்லை. ராஜாவைத் தூக்கினாள், பஞ்சை எடுத்து ஊதினாள், முந்தானையால் தலையை ஒரு துடை துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"சார், தொட்டுட்டாங்க!" என்றாள் ஜெகதீஸ்வரி.

நடுவர் வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விசாரித்தார்.

"பஞ்சு ஒட்டியிருந்துச்சு சார். அதத்தான் எடுத்தேன்."

"எடுக்கணும்னா முதல்ல சொல்லிட்டு எடுக்கணும்மா. தொட்ட காயைத்தான் நகத்தணும். விதி."

"குதிரைய நகத்திக்கிறேனே சார்."

"ராஜாவுக்குப் போக எடம் இருக்குல்ல? ராஜாவையே நகத்துங்க."

முருகலட்சுமி வாசலைப் பார்த்தாள். ஜெயபாண்டி கையில் டீயோடு நின்றுகொண்டிருந்தார். போச்சு, விருதுநகர் போச்சு, அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பலகையைத் திரும்பப் பார்த்தாள். ராஜாவுக்கு இருந்தது ஒரே ஒரு கட்டம். ஆயிரம் தடவை அவள் எடுத்து வைத்த அதே கட்டம். எடுத்து வைத்தாள்.

ஜெகதீஸ்வரியின் தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜெகதீஸ்வரியும் சிரித்தாள், பாவம். எதிராளியை மாட்டவேண்டிய இடத்தில் மாட்டிவிட்டோம் என்று அவளுக்கு நினைப்பு. யாரை எந்த வீட்டுக்குள் தள்ளி விட்டோம் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. முருகலட்சுமிக்கோ அழுகை வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. சொந்தக் காட்டில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடக்கிற சுகம் காலில் ஏறியது. இனிமேல் என்ன, ஆடித் தீர்த்துவிட வேண்டியதுதான்.

நோட்டில் எழுதியிருந்த பதினைந்து நகர்த்தலில் ஒன்றுக்கும் இங்கே வேலையில்லை. ஜெகதீஸ்வரி தன் ராஜாவை அவசரமாகக் கோட்டைக்குள் அடைத்துவிட்டு, ராணியையும் குதிரையையும் வேட்டைக்கு அனுப்பினாள். செக் என்றாள். ராஜா ஒரு கட்டம் நகர்ந்தது. மறுபடியும் செக். மறுபடியும் ஒரு கட்டம். ஒவ்வொரு செக்குக்கும் அவள் ஐந்து நிமிடம் யோசித்தாள், முருகலட்சுமி அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. எல்லாம் பூச்சாண்டி. ஒன்றே ஒன்று கடிக்கிற செக். அதற்கு மட்டும் கன்னத்தில் கை வைத்துப் பொறுமையாகப் பார்த்து, குறுக்கே தன் ராணியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். வெட்டிக்கொள்ளலாம் வா என்று கூப்பிடுகிற நகர்த்தல் அது. ஜெகதீஸ்வரிக்கு வேறு வழியில்லை. இரண்டு ராணியும் பலகையை விட்டு இறங்கின.

ராணிகள் போன வீட்டில்தான் யார் நடப்பார்கள், யார் நடக்கமாட்டார்கள் என்பது தெரியும். முருகலட்சுமியின் ராஜா பலகையின் நடுவில் நின்றது, பத்து நகர்த்தலாக நடந்து நடந்து கால் பழகியிருந்தது. அந்தப் பெண்ணின் ராஜா மூலையில், மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால், வந்து சேரவே நாலு நகர்த்தல் வேண்டும். அதற்குள் வெள்ளை ராஜா ஒரு சிப்பாயைத் தின்றது, அடுத்ததைத் தின்றது, தன் சிப்பாய் ஒன்றைக் கூடவே கூட்டிக்கொண்டு கடைசி வரிசையை நோக்கி நடந்தது. நாற்பத்தியோராவது நகர்த்தலில் ஜெகதீஸ்வரி தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டினாள். கண் கலங்கியிருந்தது.

"எங்க படிச்சீங்கக்கா இத?"

"படிக்கல தாயி. வீட்டுல பாத்ததுதான்" என்று சொல்லி, அவள் முடியில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டாள்.

வாசலில் நின்றவர் எப்போது உள்ளே வந்தார், எப்போது இரண்டாவது வரிசை நாற்காலிக்குப் பின்னால் நின்றார் என்பதை முருகலட்சுமி கவனிக்கவில்லை. பக்கத்தில் நின்ற மூன்று பேரிடம் 'எங்க வீட்லதான்' என்று அவராகவே சொன்னதாக அமுதவள்ளி டீச்சர் பிறகு காதில் போட்டார். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திருச்சுழி பஸ்ஸில் பாதி வழி வரை ஜெயபாண்டி டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே வந்தார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"விட மாட்டேன்னு சொன்ன."

"நான் விடலங்க. அந்தப் புள்ளயும் சாருமாச் சேந்து நகத்தியே ஆகணும்னுட்டாக. நீங்களும் பாத்துக்கிட்டுத்தான நின்னீக."

"பாத்தேன், பாத்தேன்." வெளியே கருவேலங்காட்டைப் பார்த்தார். "அந்தப் பிள்ளைக சிரிச்சப்ப எனக்குக் கோவம் வந்துருச்சு."

"எனக்குந்தான்."

கண்டக்டர் விசில் அடித்து ஆள் இறக்கினார், ஏற்றினார்.

"ஏன் லட்சுமி, மூணு நாளைக்கு மாட்டுக்கு யாரு சோளத்தட்டை போடுவா?"

அவள் அவரை முழுசாகத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் முருகலட்சுமிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் பை, பைக்குள் மகள் வாங்கித் தந்த சுருட்டி வைக்கிற பலகை. ஊரைத் தாண்டி, ரோட்டை ஒட்டியிருக்கிற தங்கள் சோளக்காட்டருகே வரும்போது ஒரு லாரி குறுக்கே வந்து பஸ் நின்றது. காட்டுக்குள்ளிருந்து வரப்பில் ஒருவர் வந்துகொண்டிருந்தார். உரக்கடைக்குப் போடுகிற தேய்த்த வெள்ளை வேட்டி, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தது. தலையில் சோளத்தட்டைக் கட்டு. கட்டு ஒரு பக்கம் சரிய, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, ரோட்டு ஓரத்தில் வந்து நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு ஓர் எட்டு எடுத்து வைத்தார். நின்றார். இன்னும் ஓர் எட்டு வைத்தார்.