ஆக்சிலில் இருந்த நம்பர்

என் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வராத பொருள் என்று உலகத்தில் ஒன்றைக் காட்டுங்கள், நான் அவர் காலில் விழுந்து கும்பிடுகிறேன். பால் வந்தால் நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். மண்ணெண்ணெய் வந்தால் மோந்து பார்ப்பார். பக்கத்து குவார்ட்டர்ஸ் தாட்சாயிணி ஒரு கிண்ணம் மீன் குழம்பு கொடுத்தனுப்பினால், "இன்னாத்துக்கு இப்போ திடீர்னு குழம்பு?" என்பார். கல்யாணமான புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. போகப்போகச் சிரிப்பும் நின்றுபோயிற்று.

அவர் பெயர் நாகேந்திரன். ஆவடியில் ராணுவ வண்டிகளுக்குச் சாமான் செய்கிற ஃபாக்டரியில் கிரைண்டிங் மெஷின் வேலை. குடியிருப்பதும் அந்த ஃபாக்டரி எஸ்டேட்டுக்குள் இருக்கிற குவார்ட்டர்ஸில்தான், உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே கேட். மயிரிழை பிசகினாலும் அந்த உருப்படியைத் தூக்கி எறிய வேண்டிய வேலை. அதற்கு அந்தப் புத்தி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். சட்டையைக் கழற்றி மாட்டுகிறபோது அதையும் ஆணியில் மாட்டிவிட்டு வரவேண்டாமா? வரமாட்டார்.

என் தம்பி பாஸ்கரன் நசரத்பேட்டையில் இருந்தான். அப்பா நிலத்தைப் பிரித்துக் கொடுத்ததும் தன் பங்கை விற்று ஒரு பழைய ஜீப் வாங்கினான். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவனுக்கோ அந்த ஜீப் என்றால் உயிர். தொண்ணூறாம் வருஷம் ஐப்பசியில் அவனுக்கு ஒரு வழி பிறந்தது. ஜெயராமன் என்கிற கான்ட்ராக்டர் செம்பரம்பாக்கம் ஏரியோரமாக, வயல்களுக்கு நடுவே மின்கம்பி இழுக்கிற வேலையை எடுத்திருந்தார். ஆட்களையும் கம்பிச் சுருளையும் சேற்றுக்குள் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும். திங்கட்கிழமை காலையில் ஏரியோரச் சேற்றில் ஓட்டிக் காட்டவேண்டும் என்றார். சேற்றைத் தாண்டினால் இரண்டு வருஷத்துக்கு வேலை. மாட்டிக்கொண்டால் வேறு வண்டி. வேலை கிடைக்காவிட்டால் ஜீப்பை விற்றுவிட்டு எவன் லாரிக்காவது கிளீனராகப் போகவேண்டியதுதான் என்று தம்பி என்னிடம் சொன்னான்.

அதற்குச் சில நாள் முன்னால் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, இரண்டு சாப்பாட்டுத் தட்டைச் சக்கரம் மாதிரி நிமிர்த்தி வைத்துக்கொண்டு அவன் தன் கஷ்டத்தைச் சொன்னான்.

"சேத்துல எறங்கினா மாமா, பின்னால ஒரு சக்கரம் கிர்ருனு சும்மா சுத்துது. இன்னொண்ணு ஆடாம அசையாம குந்திகினு கீது. வண்டி நவுர மாட்டேங்குது."

"அது அப்டித்தான்" என்றார் இவர். "எந்தச் சக்கரம் லேசா சுத்துதோ அதுக்கே பலமெல்லாம் போயிடும். ரெண்டையும் கட்டிப்போட்டாத்தான் வண்டி ஏறும்."

"வேலப்பன்சாவடி கஜபதி மெக்கானிக்கும் அதான் சொல்றாரு. உள்ள கீற பல்லுச் சக்கரத்தையெல்லாம் வெல்டு வெச்சி ஒண்ணாக்கிடலாம்னு. ஒரே நாள் வேலையாம்."

இவர் ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏன் சொல்றான் தெரியுமா? இன்னிக்கு வெல்டு வெக்க ஒரு கூலி. அப்புறம் தார் ரோட்டுல திரும்புறப்ப ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்துல சுத்தும், டயர் தேயும், ஒருநாள் சக்கரத்தைச் சுத்துற ஷாஃப்ட் முறுக்கிகினு படக்குனு உடையும். அதுக்கு ஒரு கூலி. உன் வண்டியில சக்கரம் ஷாஃப்ட்லயே தொங்குது. ஷாஃப்ட் உடைஞ்சா சக்கரம் கழண்டு தனியா பூந்தமல்லிக்குப் போயிடும், நீ இங்க குந்திகினு இருப்ப."

எரிச்சல் என்னவென்றால், மனிதர் சொன்னது சரி. பின் ஆக்சிலையே மாற்று என்றார். சக்கரம் வெளிக்கூட்டின் மேலேயே தனி பேரிங்கில் உட்கார்ந்திருக்கிற ஆக்சிலாகப் பார். உள்ளே லாக்கர் இருக்கவேண்டும். லீவரை இழுத்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றவேண்டும், சேறு தாண்டியதும் விட்டால் பழையபடி தனித்தனியாகச் சுற்றவேண்டும். கடைசியில் ஒன்று சொன்னார், அதுதான் வினை.

"வாங்கினா எவன் கையிலயும் குடுக்காத. மெக்கானிக் உள்ள கீற நல்ல பல்லைக் கழட்டிகினு தேஞ்சதைப் போட்டுடுவான். நேரா இங்க எடுத்துகினு வா, நானே மாட்டித் தரேன்."

தம்பி எங்கெங்கோ அலைந்தான். சனிக்கிழமை மத்தியானம் ஜீப்பின் பின்னால் சாக்குப் போட்டு மூடிய ஒரு கனத்த சாமானோடு வந்து நின்றான். பூந்தமல்லியில் ராணுவக் கழிவுச் சாமான் விற்கிற கடையில் கிடைத்ததாம். ஏதோ வெளிநாட்டு வண்டியின் ஆக்சில். லாக்கரும் இருந்தது, லீவரும் இருந்தது. அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே, பொங்கலுக்குப் புதுச் சட்டை போட்ட பையன் மாதிரி.

இவர் ஆக்சிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு துணியால் மண்ணைத் துடைத்தார். கூட்டின் ஓரத்தில் குத்திய நம்பர் ஒன்று தெரிந்தது. அவ்வளவுதான், முகம் மாறிப்போயிற்று.

"எங்க வாங்கினேன்னு சொன்ன?"

"பூந்தமல்லியில மாமா. கடைக்காரரு ஏலத்துல எடுத்தாராம்."

"சாக்கு இன்னாத்துக்கு?"

"எண்ணெ ஒழுகிச்சி மாமா. வண்டியெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடுமேன்னு."

இவர் தலையை ஆட்டினார். நேராகச் சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டார், தண்ணீர் சத்தத்தில் நாங்கள் பேசுவது கேட்கக்கூடாதாம்.

"கஸ்தூரி, அந்த நம்பர் குத்தின அச்சு எங்க ஃபாக்டரி அச்சு மாதிரியே கீது. நம்ம எஸ்டேட்டுக்குள்ள வர்ற எந்த இரும்பையும் கேட்ல காட்டணும். உன் தம்பி சாக்கு போட்டு மூடிகினு வந்துகீறான்."

"எண்ணெ ஒழுகிச்சின்னு சொன்னானே!"

"எண்ணெ எல்லா ஆக்சில்லயும்தான் ஒழுகும்."

"அப்போ அவனையே கேளுங்களேன். வாய் இல்லையா உங்களுக்கு?"

"கேட்டா உண்மையச் சொல்லுவானா? கேட்ல போய் விசாரிச்சா நானே காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். மாட்டிகினா எனக்கு வேலை போகும், இந்த வீடும் போகும். உனக்கு இன்னா தெரியும்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் தம்பி அடுத்தவன் வரப்பில் விழுந்த மாங்காயைக்கூட எடுத்தவனில்லை. அதை இவரிடம் எத்தனை தடவை சொல்வது? சொன்னால், "எல்லாருக்கும் அவங்கவங்க தம்பி நல்லவன்தான்" என்பார். குழாயை மூடிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இவ்வளவு சந்தேகப்பட்டும், மறுநாள் காலையில் மாமனும் மச்சானும் சேர்ந்துதான் ஆக்சிலை மாட்டினார்கள். இவர் கைவேலையில் குறை சொல்லமுடியாது. ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்து, பேரிங்கைக் கழுவி மாட்டினார். ஜாக்கியில் பின்பக்கத்தைத் தூக்கி வைத்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினார்கள். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றியது. தம்பி லீவரை இழுத்துவிட்டு மறுபடி சுற்றினான். இந்தத் தடவை இரண்டும் சேர்ந்தே ஒரே பக்கமாகச் சுற்றின.

"அக்கா, வந்து பாரேன்! ரெண்டும் எப்டி ஜோடியா வருது பாரு!" என்று கத்தினான்.

நானும் போய்ப் பார்த்தேன். எனக்கு அதில் ஒரு மண்ணும் புரியாது. ஆனாலும் அவன் சந்தோஷத்தைப் பார்த்ததில் மனசு நிறைந்தது. கியர் ஆயில் வாங்க அவன் இவருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

அவன் தலை மறைந்ததுதான் தாமதம், பின்னால் அரம் போடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் இவர் வண்டிக்கடியில் படுத்திருந்தார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"துரு. சுத்தம் பண்றேன்."

"அத்தாம் பெரிய இரும்புல அந்த நாலு விரக்கடை எடத்துல மட்டும்தான் துரு கீதா?"

குனிந்து பார்த்தேன். நம்பர் இருந்த இடம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. எமரித் தாள் போட்டுத் தேய்த்து, அதன்மேல் கிரீஸும் மண்ணும் பூசிக்கொண்டிருந்தார். தொழில் தெரிந்த கையல்லவா!

"நம்பர் இல்லாத இரும்பு பழைய இரும்பு. ஜீப்போட பொறந்ததுன்னு சொல்லிக்கலாம். நம்பர் இருந்தாத்தான் வம்பு. நீ உள்ள போ" என்றார்.

"என் தம்பிய திருடன்னே முடிவு கட்டிட்டீங்களா?"

"உன் தம்பியயும் சேத்துத்தான்டி காப்பாத்துறேன்."

அதற்குள் தம்பி வந்துவிட்டான். மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஆயிலை ஊற்றினதும் கிளம்பவேண்டும் என்று பறந்தான். அம்மாவைப் பார்க்க நானும் அவனோடு போவதாக இருந்தேன். நம்பரைத் தேய்த்த விஷயத்தை வழியில் அவனிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று பின்னால் ஏறி உட்கார்ந்தேன். இவரும் கேட் வரைக்கும் வருகிறேன் என்று முன்னால் ஏறிக்கொண்டார். வண்டி சத்தமில்லாமல் வெளியே போகிறதா என்று பார்க்காவிட்டால் இவருக்குச் சோறு இறங்காதே.

கேட்டில் காவல்காரர் கோவிந்தராஜ் நின்றிருந்தார். எங்கள் வரிசையில்தான் அவருக்கும் வீடு. தடுப்புக் கட்டையைத் தூக்காமலே சிரித்துக்கொண்டு வந்தார்.

"இன்னா பாஸ்கரா, மாட்டியாச்சா? அந்த நம்பர ஒரு தபா பாத்துக்கறேன், போயிகினே இரு."

இவர் திடுக்கிட்டார். "இன்னா நம்பர்?"

"இன்னா அண்ணாத்தே, தெரியாத மாதிரி கேக்குற? நேத்து உள்ள வர்றப்ப உன் மச்சானே வண்டிய நிறுத்தி, சாக்கை எடுத்துக் காட்டிட்டுத்தான் வந்தாரு. கடை ரசீதும் பாத்தேன், எல்லாம் சரியா கீது. எந்த நம்பர் உள்ள வந்துச்சோ அதே நம்பர் வெளிய போவணும், அவ்ளோதான்."

சொல்லிக்கொண்டே குனிந்தவர், கிரீஸை விரலால் வழித்தார். வழித்த விரல் அப்படியே நின்றுவிட்டது. நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"யார் தேய்ச்சது இத? நேத்து வந்த ஆக்சில உள்ள போட்டுட்டு, ஃபாக்டரி ஆக்சில மாட்டிகினு போறீங்கன்னு ஆபீசர் கேட்டா நான் இன்னா சொல்லட்டும்?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் தன் செருப்பைப் பார்த்தார். வாயைத் திறப்பார், திறப்பார் என்று பார்த்தேன். கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"தேய்ச்சது இவருதாங்க" என்றேன். "என் தம்பி திருடிகினு வந்துட்டான்னு நெனச்சி, இவரே அரம் வெச்சித் தேய்ச்சாரு."

தம்பி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். அப்புறம் இவரைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வந்திருந்தாலாவது தேவலை. யாரோ செருப்பால் அடித்த மாதிரி ஆகிவிட்டது. இறங்கிப் போய் கோவிந்தராஜ் முன்னால் நின்றான்.

"அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது சார். கோவத்துல இன்னாவோ சொல்லுது. நான்தான் துருன்னு தேய்ச்சிட்டேன். மாமாவுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல."

அப்போதும் இவர் வாயைத் திறக்கவில்லை.

கோவிந்தராஜ் நல்ல மனுஷர்தான், ஆனாலும் அவர் வேலை அவருக்கு. ஆக்சிலைக் கழற்றி வைத்துவிட்டுப் போ, ஆபீசர் பார்த்து, கடையில் விசாரித்து முடிவு சொல்ல ஒரு வாரமாவது ஆகும் என்றார். வீட்டில் கழற்றிப் போட்டிருந்த பழைய ஆக்சிலை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, தூறலில் நனைந்துகொண்டு, கேட்டுக்குப் பக்கத்தில் ரோட்டோரமாகவே மாட்டினார்கள். இவர் ஸ்பேனரை நீட்டினார். தம்பி அதை வாங்கிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை ஏரிக்கரையில் நானும் நின்றேன். பாதிச் சேற்றில் ஜீப் உட்கார்ந்துவிட்டது. ஒரு சக்கரம் கிர்ரென்று சுற்றிச் சேற்றை வாரி இறைத்தது. இன்னொன்று அசையவே இல்லை. தம்பி விடாமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். என்னால் அழுகையை அடக்கமுடியவில்லை. கடைசியில் ஒரு டிராக்டரைக் கொண்டுவந்து கட்டி இழுத்தார்கள். ஜெயராமன் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த வண்டியை வரச் சொன்னார்.

"விடுக்கா. மாமா வேலை தப்பிச்சிது இல்ல, அது போதும்" என்றான் தம்பி. அவன் முழங்கால் வரைக்கும் சேறு.

சாயங்காலம் ஆவடிக்குத் திரும்பினேன். இவர் சாப்பிட உட்கார்ந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். மாட்டிக்கொண்டது, வேலை போய்விட்டது, ஜீப்பை விற்கப்போகிறான் என்றேன். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனசு உறுத்துகிறது போலிருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லட்டும், மறந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

"கஸ்தூரி, ராத்திரியெல்லாம் யோசிச்சேன். ஒண்ணு மட்டும் புரியவே இல்ல" என்றார். "தப்பு பண்ணாதவன் எவனாவது பழிய தானா ஏத்துப்பானா? அந்த ஆக்சில்ல ஏதோ கீது."

குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தேன். எப்போதும் வருகிற கோபம் அன்றைக்கு வரவில்லை. இந்த மனிதரோடு இன்னும் எத்தனை வருஷம் என்ற பயம்தான் வந்தது. உள்ளே போய் என் புடவைகளை ஒரு பையில் அடைத்துக்கொண்டு, பூந்தமல்லி பஸ்ஸுக்குக் கிளம்பிப் படியிறங்கினேன். எங்கே போகிறாய் என்று கேட்பார், போகாதே என்று சொல்வார் என நான்கு அடி மெதுவாகத்தான் நடந்தேன்.

இவர் எச்சில் கையோடு வாசலுக்கு ஓடிவந்தார்.

"கஸ்தூரி, நில்லு. அந்தப் பையில இன்னா எடுத்துகினு போற?"