இடது கை

தூண்டிலில் வந்த மீனைப் பலகைத் தரையில் போட்டு, வெண்டெல் அதன் மண்டையில் இரண்டு அடி அடித்தான். ஒன்றே போதும். இரண்டாவது அடி, அன்றைய செய்தித்தாளில் படித்த பேஸ்பால் செய்தியின் மேல் இருந்த கோபத்துக்காக. விரிசல் விட்ட பேஸ்பால் மட்டையைப் பாதியாக அறுத்து, மீன் அடிக்க வைத்திருந்தான்.

உறைந்த ஏரியின் மேல் இழுத்து வந்து நிறுத்திய அந்தக் குடிலுக்குள் மூன்று பேர் இருந்தார்கள். வெண்டெல், அவன் தங்கையைக் கட்டிய லைல், பக்கத்து வீட்டு ஆர்னி. ஆகஸ்டில் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் பிப்ரவரி ஆகியும் முடியவில்லை. வெளி ஆட்களை வைத்தாவது சீசனைத் தொடங்கியே தீருவது என்று அணி முதலாளிகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். மில்வாக்கி அணிக்கு யார் யார் வருவார்கள் என்று ஆர்னி கறியைக் கிளறிக்கொண்டே பட்டியல் போட்டான். ஒரு லாரி டிரைவர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், முழங்கால் போன ஒரு கிழவன்.

"நம்மாளுங்க நெஜ ஆட்டக்காரங்கள வச்சே கடைசில வந்தாங்க. இதுக்குக் கீழ போக எங்கடா எடம் இருக்கு?" என்றான்.

வெண்டெல் சிரிக்கவில்லை. காகித ஆலை வாசலில் வேலைநிறுத்தம் செய்து பதினாறு மாதம் நின்றவன் அவன். பேருந்தில் கருங்காலிகளை ஏற்றி வந்து, அவன் பதினோரு வருடம் ஓட்டிய இயந்திரத்தில் எவனோ ஒருவனை நிறுத்தினார்கள். அந்த எவனோ இன்றும் அங்கேதான் இருக்கிறான். வெண்டெல் பள்ளிக்கூட வாசலில் பனி அள்ளுகிறான். அந்தப் பதினாறு மாதமும் ஆலைக்குச் சம்பந்தமே இல்லாத லைல், தீவனக் கடை வேலைக்குப் போகும் வழியில் தினமும் சூடாக சூப் கொண்டுவந்து அவன் பக்கத்தில் நின்றான். ஒருநாள் பேருந்தின் முன்கண்ணாடியைக் கல்லால் உடைத்ததும் லைல்தான். அறுபதடி தூரம், இடது கை, ஒரே வீச்சு. அதற்காக ஒரு ராத்திரி லாக்கப்பிலும் இருந்தான்.

அந்தக் கை ஊருக்கே தெரிந்த கை. கீழ்மட்ட லீக்கில் மூன்று வருடம் பந்து வீசியும் மேலே இருந்து யாரும் கூப்பிடவில்லை.

"செவ்வாக்கெழம அரிசோனா கேம்ப்புக்குக் கெளம்புறேன் மச்சான்," என்றான் லைல், தூண்டில் போடப் பனியில் வெட்டியிருந்த துளையைப் பார்த்தபடி. "மில்வாக்கி டீம்லேர்ந்து போன் வந்துச்சு."

வெண்டெலுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மில்வாக்கி சட்டையில் லைல். அந்த ஒரு நொடிக்காக அவன் தன்னையே வெறுத்தான்.

"நீ போடப் போறது யாரு சட்டை மாப்ள?"

"அவனுங்க கோடீஸ்வரனுங்க. ஒன் ஆலை வேற, இது வேற."

"அந்த பஸ்ல வந்தவனும் இதையேதான்டா சொன்னான்."

வெண்டெலின் முதல் குத்து லைலின் வாயில் விழுந்தது. அவன் அடுப்பின் மேல் சாய, கறிப்பாத்திரம் கவிழ்ந்து ஆர்னியின் பூட்ஸில் கொட்டியது. குறுக்கே வந்த ஆர்னியின் விலாவில் ஒரு முழங்கை பட்டது. கதவு பிய்த்துக்கொள்ள, இருவரும் வெளியே பனியில் போய் விழுந்தார்கள். லைலும் திருப்பி அடித்தான். ஆனால் அடியில் பலமே இல்லை. குழந்தை குத்துவது மாதிரி இருந்தது. வெண்டெல் அவன் மூக்கை உடைத்த பிறகுதான் காரணத்தைப் பார்த்தான். லைல் வலது கையால் மட்டுமே அடிக்கிறான். இடது கை கோட்டுக்குள், அக்குளில் பத்திரமாக இருக்கிறது.

அடி வாங்கும்போதுகூட அதைக் காப்பாற்றுகிறான். வெண்டெல் அவனை விட்டு எழுந்தான். குடிலுக்குள் போய் மட்டையை எடுத்து வந்தான். எழப் பார்த்தவனை மல்லாக்கத் தள்ளி, கோட்டுப் பித்தானைப் பிய்த்து, அந்தக் கையை வெளியே இழுத்துப் பனிமேல் அழுத்தி, முழங்கையின் மேல் மண்டியிட்டான்.

"மூஞ்சில எவ்ளோ வேணா அடி மச்சான்," லைல் ரத்தத்தைத் துப்பினான். "கைய மட்டும் விட்டுடு."

விரல் நுனிகளில் புதுக் காய்ப்பு இருந்தது. அப்படியானால் இந்தக் குளிர்காலம் முழுக்க எங்கேயோ, யாருக்கும் தெரியாமல், எறிந்துகொண்டிருந்திருக்கிறான். முன்பெல்லாம் கொல்லையில் உட்கார்ந்து அந்தப் பந்தைப் பிடித்தவன் வெண்டெல்தான். இந்தத் தடவை அவனைக் கூப்பிடவில்லை.

மட்டை அவன் தோளுக்கு மேல் எழுந்தது. வாசலில் ஆர்னி விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஈரப் பனியில் அந்த விரல்கள் மெல்ல வெளுத்து, நகங்கள் நீலம் பாய ஆரம்பித்தன.

"கைய உள்ள வைடா," என்றான் வெண்டெல். "வெறச்சுப் போயிடும்."

லைல் கையை இழுத்துப் பார்த்தான். வெண்டெல் முழங்காலை எடுக்கவில்லை.